செக்கடித் தெரு இன்று எங்கே

ஐப்பசி மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, விடிவதற்குச் சற்று முன்னால், மாங்குளத்தூர் செக்கடித் தெரு, பெருமாள் கோயில் குளத்துக்குத் தெற்கே தான் காலங்காலமாகக் கிடந்த இடத்தை விட்டு எழுந்து, அறுபத்திரண்டு வீடுகளையும் ஒரு வேப்பமரத்தையும் அடிபம்பையும் முக்குப் பிள்ளையாரையும் கூட்டிக்கொண்டு போய், ரைஸ் மில்லுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் அமர்ந்துகொண்டது. குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் புரண்டு படுக்கவில்லை. வாசல் தெளிக்க வந்த பெண்கள், தெருக்கோடியில் குளம் தெரிய வேண்டிய இடத்தில் மில்லின் புகைபோக்கி தெரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெளித்த ஈரம் காய்வதற்குள் கோலத்தைப் போட்டு முடித்தார்கள். பால்காரர் மட்டும் தாமதமாக வந்து, வழி தெரியவில்லை என்று சொல்ல மனமில்லாமல், மாடு உதைத்துவிட்டது என்றார்.

அதன் பிறகு தெரு அடிக்கடி இடம் மாறியது. அதற்கென்று ஒரு மரியாதை இருந்தது. யாருடைய வயலின் மீதும் அது உட்காரவில்லை, எந்தச் சாலையையும் மறிக்கவில்லை. போன இடம் குறுகலாக இருந்தால் வீடுகள் தோளை ஒடுக்கிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவர்களைப் போல ஒட்டி நின்றன, இடம் தாராளமாக இருந்தால் சந்துகள் அகன்று ஸ்கூட்டர் நிறுத்த வசதியாயிற்று. சாக்கடை அந்தந்த இடத்துச் சாக்கடையோடு தானே இணைந்துகொண்டது. மின்கம்பங்களும் உடன் வந்தன. விளக்கு அணையவில்லை, மீட்டர் நிற்கவில்லை, ஆகவே இதில் தனக்கு வேலை ஒன்றுமில்லை என்று லைன்மேன் முடிவு செய்தார். கவுன்சிலர்கள் மூன்று பேரும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போனால் தெரு அடுத்த வார்டில் இருப்பதாகச் சொன்னார்கள். தேர்தல் வந்ததும் மூவருமே அது தங்கள் வார்டுதான் என்று கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். செக்கடித் தெருப் பையன் என்றால் முதலில் தயங்கிய கல்யாணத் தரகர்கள், என்றாவது ஒருநாள் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கக்கூடிய தெரு என்று அதையே சிறப்பாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். நாய்கள்தான் பாவம், போகிற இடமெல்லாம் அந்தப் பகுதி நாய்களோடு புதிதாகச் சண்டை போட்டு, புதிதாகச் சமாதானம் ஆக வேண்டியிருந்தது.

இருக்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தேடி வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். செக்கடித் தெரு எங்கே என்று ஊருக்குள் யாரைக் கேட்டாலும் நல்லெண்ணத்தோடு கையை நீட்டி வழி சொன்னார்கள், சொன்னது பெரும்பாலும் நேற்றைய வழியாக இருந்தது.

இன்றைய வழி ஒரே ஒரு இடத்தில் கிடைத்தது. அதைப் போட்டு வைத்தவள், தெருவின் நடுவில் பச்சைக் கதவு வீட்டிலிருந்த குணசுந்தரி.

குணசுந்தரி எட்டாம் வகுப்போடு நின்றவள். நான்கு பேர் சேர்ந்து நின்று ஒரு கேள்வி கேட்டால் குரல் உள்ளே போய்விடும். பல வருஷங்களுக்கு முன்பு ஊரில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, தொண்டர்கள் சிலர் வந்து, கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுப் பெண்களை உட்கார வைத்து, போனில் வரைபடம் வரையக் கற்றுக் கொடுத்தார்கள். இந்த வரைபடத்துக்கு முதலாளி கிடையாது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான், தரையில் இருப்பதை மட்டும் வரைய வேண்டும் என்றார்கள். பொங்கலும் வடையும் நன்றாக இருந்தன. மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் போனில் இடமில்லை என்று அந்தச் செயலியை அழித்துவிட்டார்கள். குணசுந்தரி வைத்துக்கொண்டாள். அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. சரியாக வைத்தால் போதும், பேச வேண்டியதில்லை. ஊரின் அடிபம்புகளையெல்லாம் அவள் ஏற்றினாள், தண்ணீர் வருவது எது, வெறும் காற்று வருவது எது என்பதோடு. கெட்டுப்போன பம்பைச் சரிசெய்துவிட்டதாகக் கேள்விப்பட்டால், தானே போய் அடித்துத் தண்ணீரைக் காலில் விட்டுப் பார்த்த பிறகுதான் மாற்றுவாள்.

தெரு நகரத் தொடங்கியதும் அதே ஒழுங்கில் அதையும் செய்தாள். காலையில் காபிக்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டு, திரையில் தெருவையும் வீடுகளையும் மரத்தையும் பம்பையும் பிள்ளையாரையும் சேர்த்துப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்து சரியான இடத்தில் இறக்குவாள். சேமிக்கும்போது ஒரு கட்டம் வந்து, என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும். தெரு நகர்ந்தது என்று முகம் தெரியாத உலகத்துக்கு எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது, குடும்ப விஷயத்தை வெளியில் சொல்வதைப் போல. காலியாக விட்டால் அது சும்மா விடாது. ஆகவே ஒரு புள்ளி வைத்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி.

அவள் கணவர் கோதண்டம் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். தெரு நகர்ந்தது எல்லாரையும்விட அவருக்குப் பிடித்தது. காலையில் குணசுந்தரி பார்த்துவிட்டு வந்து சொன்னதும், கட்டிலில் படுத்தபடியே தலையணைக்கு அடியிலிருக்கும் விசிலை எடுத்து ஊதி, ரைஸ் மில் எல்லாம் இறங்கு, படியில நிக்காத, உள்ள போ என்று குரல் கொடுப்பார். அடுத்த வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் சம்மனசு, சில்லறை பாக்கி இருக்கு கண்டக்டர் என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் கொடுப்பாள்.

அவரை அழைத்துப் போக ஒரு அறக்கட்டளையின் வேன் வந்தது. ஓட்டுகிறவர் பீர்முகமது. அறக்கட்டளைக்கு வசதி குறைவு. காசு கேட்காத இந்தப் பொது வரைபடத்தைத்தான் வண்டியின் போனில் ஏற்றி வைத்திருந்தார்கள், காலையில் கிளம்பும்போது அலுவலகத்தில் புதுப்பித்துக்கொள்வார்கள். தெரு எங்கே போனாலும் பீர்முகமது நேராக வந்து பச்சைக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். ஊரே சுற்றி அலைந்தபோது அவர் ஒருவர் மட்டும் அலையவில்லை.

மாசியில் தெரு ரயில்வே கேட்டுக்கு அப்பால், பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றது. குணசுந்தரி வரைந்து, புள்ளி வைத்து, கணவருக்கு வேட்டி கட்டிவிட்டுக் காத்திருந்தாள். வேன் வரவில்லை. பீர்முகமது குளத்துக்குத் தெற்கே, தெரு முதன்முதலில் கிடந்த வெற்றிடத்தில், ஆடுகளுக்கு நடுவே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவர் போனில் கூப்பிட்டு, விவரம் கேட்டு, திரும்பி வந்தபோது கேட் போட்டுவிட்டார்கள். இரண்டு ரயில் போயிற்று. ஆஸ்பத்திரி சேர்ந்தபோது கோதண்டத்தின் மிஷினில் வேறொருவர் படுத்திருந்தார். மறுநாள்தான் இடம் என்றார்கள். வீட்டுக்கு வந்த கோதண்டம் படுக்க முடியாமல், மூச்சு வாங்கி, வீங்கிய காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். விசில் தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

மறுநாள் டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்துதான் குணசுந்தரி போனைப் பார்த்தாள். அவள் வைத்த இடத்தில் தெரு இல்லை. யாரோ அதைத் தூக்கிக் குளத்துக்குத் தெற்கே வைத்திருந்தார்கள். செய்தவர் அங்கே வைத்துக்கொண்டிருந்த பெயர் நத்தை. வரைபடத்துக்குள் ஒரு கடிதப் பெட்டி இருப்பதே அவளுக்குத் தெரியாது; அதைத் திறந்தபோது உள்ளே நத்தையின் வரிகள் இருந்தன. முழுத் தெருவையே திரும்பத் திரும்ப இழுத்துப் போடுகிறீர்கள், காரணமும் எழுதுவதில்லை, வெறும் புள்ளி வைக்கிறீர்கள், பழையபடி திருப்பிவிட்டேன், பலர் நம்பிப் பயன்படுத்தும் வரைபடம் இது, தரையில் இருப்பதை மட்டும் வரையவும், விளையாட வேண்டாம்.

விளையாட வேண்டாம் என்ற சொல் அவளைக் குத்தியது. கோபமும் வந்தது, ஆனால் அவள் மனம் நியாயத்தையும் பார்த்தது. நத்தையின் இடத்தில் தான் இருந்து, தெரியாத யாரோ ஒருவர் புள்ளி வைத்துவிட்டு ஒரு தெருவையே தூக்கிக்கொண்டு போனால், தானும் இதைத்தானே செய்திருப்போம் என்று நினைத்தாள். மிஷின் ஓடி முடியும்வரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, பதில் எழுதினாள்.

"வணக்கம். நான் விளையாடவில்லை. எங்கள் தெரு நகர்கிறது. அது நகர்ந்த பிறகு, நடந்து பார்த்துவிட்டுத்தான் வரைகிறேன். நீங்கள் பழைய இடத்தில் வைத்ததால் வண்டி அங்கே போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு நேற்று ரத்தம் சுத்தம் செய்ய முடியவில்லை. எழுதாமல் புள்ளி வைத்தது என் தப்பு. நீங்கள் வந்து பாருங்கள். சாப்பாடு இருக்கிறது."

சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது.

நத்தை என்பது கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதராக இருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வந்தவள் முப்பது வயதுக்காரி, பெயர் இன்பவல்லி, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை, முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில். வந்ததும் கோதண்டத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவர், டிக்கெட் வாங்காம ஏறிட்ட, பரவால்ல, உக்காரு என்றார். பிறகு அவள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தெருவை இரண்டு தரம் நடந்து அளந்தாள், பழைய இடத்துக்கும் போய் ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்தாள். தெரு இங்கே இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டாள். நகர்கிறது என்பதைப் பற்றி, நான் இன்னும் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அந்தப் பதில் குணசுந்தரிக்குப் பிடித்தது. வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டு, முன்னறையில் பாய் விரித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்பவல்லி பல் தேய்க்க வாசலுக்கு வந்தபோது, எதிரே கூட்ஸ் ஷெட்டில் சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாயில் நுரையோடு அவள் போனைப் பார்த்தாள், ஷெட்டைப் பார்த்தாள், வேப்பமரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து காபி குடித்தாள். குடித்து முடித்து, "நீங்க வரைங்கம்மா, நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்றாள்.

வரைந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க நாலு நாள் ஊர்ல இல்லன்னா இத யாரும்மா பண்ணுவா?"

தெருவில் யாரிடமும் குணசுந்தரி உதவி என்று கேட்டதில்லை. கேட்பதைவிடத் தினமும் தானே நடப்பது சுலபமாக இருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து சம்மனசின் குரல் வந்தது. "சுந்தரிக்கா வாயத் தொறந்து கேட்டாத்தான? கிரைண்டர் ஓடுற நேரம் நான் சும்மாதான குந்தியிருக்கேன், எனக்குச் சொல்லிக்குடு பாப்பா."

அன்று வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் கற்றுக்கொண்டார்கள். நிலைத்தவள் சம்மனசு. அவள் கைக்கு நுணுக்கம் போதாது, வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், குணசுந்தரி பின்னாலேயே போய் நேராக்குவாள். ஆனால் காரணம் எழுதும் கட்டத்தில் அவளுக்குக் கூச்சமே இல்லை. இன்னைக்கு மில்லுக்குப் பின்னாடி, தவிடு பறக்குது, துணி காயப் போடாதீங்க என்று எழுதுவாள். கூட்ஸ் ஷெட், ஒரே தூசி, பக்கத்து நாய் கடிக்கும் என்று எழுதுவாள். ஓசூரிலிருந்து நத்தை, நன்றி, நாய் பற்றிய குறிப்பு தேவையில்லை என்று பதில் போடுவாள். தெருவுக்குக் கேஸ் சிலிண்டர் நேராக வந்தது, பார்சல் நேராக வந்தது, வெளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் நேராக வந்தார்கள். பீர்முகமது ஒருநாளும் தாமதிக்கவில்லை.

ஆவணியில் கோதண்டத்துக்கு ஊசி போடும் கையில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குணசுந்தரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தாள். காய்ச்சல் இறங்கியது, சீழும் வடிந்தது, ஆனால் டாக்டரம்மா விடவில்லை. இன்னும் மூன்று வாரம் தினமும் கட்டு மாற்ற வேண்டும், மூச்சுத் திணறினால் உடனே வர வேண்டும், உங்கள் ஊர் ஒரு மணி நேரம், நடுவில் ஆறு, ரயில்வே கேட் என்றார். பக்கத்தில் வீடு இருந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார்.

கோதண்டத்துக்கு அந்த வார்டு ஆகவில்லை. முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு சோற்றைக் குறைத்தார். காலையில் குணசுந்தரி போனைப் பார்த்து, நம்ம தெரு இன்னைக்குக் குளத்துக்கு வடக்கே இருக்குங்க, சம்மனசு போட்டிருக்கா என்று சொல்வாள். முன்பெல்லாம் விசிலுக்குக் கை போகும். இப்போது சுவரைப் பார்த்தபடி, போற பஸ்ஸுக்கு இங்கேருந்து கை காட்டி என்ன ஆவப்போவுது என்றார். பிறகு கஞ்சியையும் வேண்டாம் என்று தள்ளினார். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று நர்ஸ் அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். குணசுந்தரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அன்று மாலை, யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள், காரணம் எழுதும் கட்டத்தில் முதன்முறையாகத் தன் சொந்த விஷயத்தை எழுதினாள். ஆஸ்பத்திரிக்குள்ளிருந்த ஒரு குடிதண்ணீர்க் குழாயை ஏற்றிவிட்டு, கீழே, குழாயில் தண்ணீர் வருகிறது, அவர் சாப்பிடவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று எழுதிச் சேமித்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அவள் வரைபடத்தைத் திறந்தபோது, தெரு குளத்துக்கு வடக்கே இல்லை. ஊரிலேயே இல்லை. விரலால் நகர்த்தித் தேடிக்கொண்டே போனாள், ரயில்வே கேட்டைத் தாண்டி, நெல் வயல்களைத் தாண்டி, ஒருநாளும் தெரு தாண்டியிராத ஆற்றையும் தாண்டி. செக்கடித் தெரு, வேப்பமரம், பம்பு, பிள்ளையார் சகிதமாக, ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. கீழே சம்மனசு எழுதியிருந்தாள்: சுந்தரிக்கா, குழாய்க்குக் கீழ எழுதியிருந்ததப் பாத்து மரத்தடியில எல்லாரும் பேசிட்டோம், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு பஸ்ல போவட்டும், மாவு அங்கயும் விக்கும், தெருகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு யாருக்கும் தெரியல, அதான் வரைஞ்சு வச்சிருக்கோம்.

குணசுந்தரி படியிறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். எதிரே எருக்கஞ்செடி மண்டிய மைதானம், இரண்டு ஆம்புலன்ஸ், ஒரு இளநீர் வண்டி. தெரு இல்லை. சாலையைக் கடந்து உள்ளே போய், செடிகளுக்கு நடுவே நடந்தும் பார்த்தாள். இல்லை. இத்தனை வருஷத்தில் தரையில் இல்லாத ஒரு பம்பைக்கூட அவள் வைத்ததில்லை. நாளைக் காலையில் தெருவில் வேறு யாரையோ ஏற்றிப்போகப் பீர்முகமது வண்டியோடு இங்கே வந்து நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தாள். ஆடுகளுக்கு நடுவில் அன்று வீணாக அடித்த ஹாரன் நினைவுக்கு வந்தது. தெருவைப் பிடித்துக் குளத்துக்கு வடக்கே திருப்ப விரலை வைத்தாள். அப்போதுதான் சம்மனசின் வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

"தரையில் இல்லை என்று தெரியும். வேன் ஓட்டுகிறவரிடம் போனில் சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிவரை கை வைக்க மாட்டேன். நத்தை."

குணசுந்தரி விரலை எடுத்தாள். போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு மேலே போய், அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

விடியும்போது அவர்தான் அவளை எழுப்பினார். "சுந்தரி, கிரைண்டர் சத்தம் கேக்குது."

ஆஸ்பத்திரியில ஏதுங்க கிரைண்டர் என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள். கல் சுற்றும்போது சுற்றுக்கு ஒருதரம் முனகும் சம்மனசின் கிரைண்டர் அது, உலகத்தில் வேறெந்தக் கிரைண்டரும் அப்படி முனகாது. ஜன்னலுக்குப் போய் கீழே பார்த்தாள். எருக்கஞ்செடி இருந்த இடத்தில் வேப்பமரம் நின்றது. வாசல்களில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். செக்கடித் தெரு நாய்கள் ஆஸ்பத்திரி நாய்களைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியிருந்தன. இளநீர்க்காரர் தன் வண்டி பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, ஒரு நிமிஷம் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இளநீரை அடுக்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மா வந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, எது உங்க வீடு என்று கேட்டார். அந்தப் பச்சைக் கதவு என்றாள் குணசுந்தரி, குரல் உள்ளே போகாமல். அப்படியென்றால் கூட்டிக்கொண்டு போகலாம், நாளைக்குக் கட்டு மாற்ற நடந்தே வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

கோதண்டம் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று, மடியிலிருந்த விசிலை எடுத்து ஊதினார். மூச்சுப் போதவில்லை, பாதிதான் வந்தது. "ஆஸ்பத்திரி ஸ்டாப்" என்றார். "எல்லாம் இறங்கு." சாலைக்கு அந்தப் பக்கம் தூக்குவாளியோடு நின்ற சம்மனசு, சில்லறை பாக்கி இருக்கு கண்டக்டர் என்றாள், சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் முன்னறையில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார், மூன்றாவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் சாப்பிட்டு முடிப்பதைப் பார்த்த பிறகு குணசுந்தரி போனை எடுத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். சம்மனசு வடக்கு தெற்காக வரைந்திருந்தாள். தெரு கிழக்கு மேற்காக நின்றது, பச்சைக் கதவு ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராக வரும்படி. அதைத் திருப்பி வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்த வீடுகளை இறக்கி நேராக்கினாள். ஆறு மணி எப்போதோ ஆகியிருந்தது. நத்தை ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கட்டம் கேட்டது. குணசுந்தரி புள்ளி வைக்கவில்லை.

"நடந்து பார்த்தேன். இருக்கிறது" என்று எழுதினாள்.